ஸ்கெட்ச்அப்ல சாய்வு சீலிங், பீம், கோவ் எல்லாம் வரைஞ்சு அதுக்கு ஏத்த மாதிரி கபோர்ட் வெட்டுறது எப்படி: முழு வழிகாட்டி

ஸ்கெட்ச்அப்ல (கம்ப்யூட்டர்ல 3டி மாடல் வரையற சாஃப்ட்வேர்) கபோர்ட் டிசைன் பழகுறவங்க நிறைய பேர் தரையும் சுவரும் ஒழுங்கா போட்டுட்டு சீலிங்கை மட்டும் கடைசிக்குத் தள்ளிடுறாங்க. தட்டையான ஆர்சிசி ஸ்லாப்னா ஒண்ணும் ஆகாது, ஒரு உயரம் தெரிஞ்சா போதும். ஆனா சாய்வு ரூஃப், மாடிப்படிக்கு அடி, பீம் இறங்குன ரூம், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்ல ஓரத்தை மட்டும் இறக்கி நடுவுல கோவ் விட்ட ஹால் இதுல எது வந்தாலும் சீலிங்தான் முதல்ல. அதைத் தனி சாலிடா (ஓட்டையில்லாம முழுசா மூடின கன உருவமா) வரைஞ்சு சரி பாத்து முடிக்கிற வரைக்கும் கபோர்டோட ஒரு பாக்ஸ் கூட வரையாதீங்க. கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்து வர்றதுதான்.

உதாரணத்துக்கு ஒரே ரூமை எடுத்துக்கறேன். மேல் மாடி பெட்ரூம், அகலம் 3600 எம்எம், நீளம் 3000. 3600 அகலத்துல ஒரு பக்க சுவர் தாழ்வா 2100, எதிர்ப்பக்க சுவர் 3000, நடுவுல சீலிங் ஒரே சாய்வா ஏறுது. அதாவது 3600க்கு 900 ஏறுது, 1:4 சாய்வு, டிகிரில 14 சொச்சம்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

ஸ்கெட்ச்அப் ப்ரோ டெஸ்க்டாப் இருந்தா நல்லது, அதுல சாலிட் டூல்ஸ் (ஒரு சாலிடை வச்சு இன்னொண்ணை வெட்டற, சேர்க்கற டூல்கள்) முழுசா இருக்கு. இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு, 9ல சொல்றேன், நேரம் மட்டும் கூடும்.

சைட்டுக்குப் போக லேசர் மீட்டர், 5 மீட்டர் டேப், ரசமட்டம், பென்சில், மட்டம் எடுக்க லேசர் லெவல். லேசர் லெவல் இல்லன்னா கொத்தனார் வச்சிருக்கற டியூப் லெவல் தாராளமா போதும், தண்ணி மட்டம் தப்பாது.

அடுத்து ரெண்டு கேள்விக்கு பதில் வாங்கிக்கணும். தரை டைல்ஸ் முடிஞ்சாச்சா? முடியலன்னா டைல்ஸும் கலவையும் சேர்ந்து 40லேருந்து 50 எம்எம் ஏறலாம், அதைக் கழிக்காம எடுத்த உயரம் பூரா வீண். ரெண்டாவது, ஃபால்ஸ் சீலிங் வருதா, வந்தா வார்ட்ரோப் முன்னாடியா சீலிங் முன்னாடியா? வார்ட்ரோப் ஸ்லாப் வரைக்கும் போய் ஃபால்ஸ் சீலிங் அதோட முகத்துல வந்து நிக்கறது ஒரு விதம், சீலிங் முழுக்க ஓடி வார்ட்ரோப் அதுக்குக் கீழ நிக்கறது இன்னொரு விதம். ரெண்டுக்கும் உயரம் வேற. சைட்ல இருக்கற எல்லாரும் ஒரே பதில் சொல்ற வரைக்கும் கேளுங்க.

2. சைட்ல அளவு: தரையிலிருந்து எடுக்காதீங்க

புதுசா வர்றவங்க தடுக்கி விழுற முதல் இடம் இதுதான். தரையில டேப்பை ஊனி சீலிங் வரைக்கும் நாலு இடத்துல அளந்துட்டு வர்றாங்க. தரையே 8 எம்எம் ஏறி இறங்கி இருந்தா அந்த நாலு அளவுல எது சீலிங் சாய்வு எது தரை சாய்வுன்னு பின்னாடி உக்காந்து பிரிக்கவே முடியாது.

அதனால முதல்ல ரூமைச் சுத்தி சுவர்ல ஒரு மட்டக்கோடு போடுங்க. தரையில எந்த இடம் உயரமோ அதுல இருந்து 1000 எம்எம் மேல வச்சா கணக்கு சுலபம். இனிமே எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான், மேல சீலிங்குக்கு ஒண்ணு, கீழ தரைக்கு ஒண்ணு. மாடல்ல தரையோட உயரமான அந்த இடம்தான் ஜீரோ, ஏன்னா பாக்ஸுக்கு அடியில இருக்கற லெக்கை ஏத்தலாம், தரையைச் செதுக்க முடியாது.

எங்கெங்க அளக்கணும்னா ரூம் நாலு மூலை, அப்புறம் வார்ட்ரோப் நிக்கப்போற சுவரை ஒட்டி 600 எம்எம்க்கு ஒரு பாயிண்ட், அதே மாதிரி சுவரிலிருந்து 600 முன்னாடி தள்ளி இன்னொரு வரிசை. இந்த முன் வரிசையை யாரும் எடுக்கறதே இல்ல, ஆனா ஷட்டரும் (கபோர்ட் கதவு) ஃபேஷியாவும் (மேல மிச்சம் இருக்கற இடைவெளியை மூடற முன்பட்டை) சீலிங்கைத் தொடுற கோடு அதுதானே. பூச்சு வேலையில 10, 15 எம்எம் அலை இருக்கறது சாதாரணம், அது சரியா அந்தக் கோட்டுல வந்துச்சுன்னா மூலை அளவை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

சாய்வு சீலிங்குக்கு லேசர் செங்குத்தா போகணும், கொஞ்சம் சாஞ்சாலும் அளவு மாறிடும். மீட்டர் பக்கத்துல ரசமட்டத்தை ஒட்டி வச்சு எடுங்க. கையில இருக்கற பேப்பர்ல ரூமோட பிளானை வரைஞ்சு ஒவ்வொரு பாயிண்டுக்கும் நம்பர் போட்டு எழுதுங்க, லிஸ்ட் மாதிரி எழுதிட்டு வந்தா எந்த அளவு எந்த மூலைன்னு ராத்திரி உக்காரும்போது குழம்பும்.

3. ஃபைலை ரெடி பண்றது

மாடல் இன்ஃபோல யூனிட்ஸ் போய் மில்லிமீட்டர், டெசிமல். அதே இடத்துல லெங்த் ஸ்னாப்பிங்கை ஆஃப் பண்ணுங்க. ஆன்ல இருந்தா மவுஸ்ல இழுக்கும்போது கோட்டோட நீளத்தை அதுவே ரவுண்ட் பண்ணி நிறுத்தும், சாய்வான கோட்டுல அது எங்க தப்பாச்சுன்னு கண்டே பிடிக்க முடியாது.

டேக்ஸ் (வேணுங்கறதை மறைக்க, காட்டப் போடற லேபிள்): தரைசுவர், சீலிங், கட்டர் (பேனலை வெட்டற உருவம், 8ல வரும்), பாக்ஸ், ஷட்டர்னு அஞ்சு போதும். ஆனா வரையறது எப்பவும் அன்டேக்டுலயே இருக்கணும், டேக் போடறது குரூப்புக்கு (ஒண்ணா சேர்த்துக் கட்டின உருவம்) மட்டும். தனிக்கோட்டுக்கும் ஃபேஸுக்கும் (கோடுகளுக்குள்ள மூடின தட்டை முகம்) டேக் போட்டுட்டா ஒரு டேக்கை மறைக்கும்போது பாதி உருவம் காணாமப் போகும், அப்புறம் மறைஞ்ச கோட்டை நகர்த்தி வேற எதையோ கெடுத்துக்குவீங்க.

தரையை வரைஞ்சு சுவரை எழுப்பி உடனே குரூப் பண்ணிடுங்க. குரூப் பண்ணாம மேல வரைஞ்சா சீலிங் சுவரோட ஒட்டிக்கும், பின்னாடி பிரிக்கறது பெரிய தலைவலி.

4. சாய்வு சீலிங்: குறுக்குவெட்டை வரைஞ்சு இழுக்கிறது

சாய்வு ஒரே திசையில ஒரே மாதிரி போகுதுன்னா இதுதான் நேர்வழி. சாய்வோட பக்கவாட்டு முகம் தெரியற சுவரை நேரா பாருங்க. தாழ்வான மூலையில லைன் டூலை வச்சு அப் ஆரோ கீயை ஒருதடவை அழுத்தினா நீல ஆக்ஸிஸ் (செங்குத்துத் திசை) லாக் ஆகும், 2100 டைப் பண்ணி என்டர். எதிர் மூலையில அதே மாதிரி 3000. ரெண்டு உச்சியையும் ஒரு கோட்டால சேர்த்தா அதுதான் சீலிங்கோட அடிப்பக்கம்.

இப்ப அந்தச் சாய்வுக்கோட்டை மூவ் டூலோட கன்ட்ரோல் கீ சேர்த்து நீல ஆக்ஸிஸ்ல 150 மேல காப்பி பண்ணுங்க, ரெண்டு முனையையும் சின்னக் கோட்டால மூடுங்க, ஒரு பட்டை மாதிரி ஃபேஸ் வந்துரும். முதல்ல போட்ட ரெண்டு செங்குத்துக் கோட்டையும் அழிச்சுட்டு புஷ்புல்ல 3000 இழுத்தா சீலிங் ரெடி. குரூப் பண்ணி சீலிங் டேக் போடுங்க.

டிகிரியை வச்சு ரொடேட் பண்ணி சாய்வு கொண்டுவரப் பாக்காதீங்க. 14 டிகிரின்னு போட்டா 3600 ஓடி முடிக்கும்போது உயரம் 2 எம்எம் வித்தியாசப்படும், 14.5ன்னு யாராவது ஆப்ல பாத்துச் சொன்னா 31 எம்எம் போயிடும். சைட்ல நீங்க அளந்தது உயரம். அந்த உயரத்தை அப்படியே போடுங்க, டிகிரி தானா வரும்.

5. நாலு மூலையும் ஒரே தளத்துல உக்காரலன்னா

உண்மையான வீட்டுல இது நடக்காம இருக்காது. தாழ்வான சுவர்ல ஒரு மூலை 2100, இன்னொரு மூலை 2088, எதிர்ல 3000, 3006ன்னு வரும். நாலு உச்சியையும் கோட்டால சேர்த்தா ஸ்கெட்ச்அப் ஃபேஸ் போடவே போடாது, ஏன்னா நாலு பாயிண்டும் ஒரே தட்டையில இல்ல. இங்கதான் பலர் சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு திரும்பத் திரும்பக் கோடு போட்டுப் பாக்குறாங்க.

மொத்த முறுக்கல் 10 எம்எம்க்குள்ளன்னா ரெண்டு பக்கமும் எது தாழ்வோ அதை எடுத்துக்கிட்டு 4ல சொன்ன மாதிரியே போங்க. சராசரி எடுக்காதீங்க. சராசரி எடுத்தா ஒரு மூலையில கண்டிப்பா இடிக்கும், தாழ்வை எடுத்தா ஒரு மூலையில கேப் மட்டும்தான் கூடும், அதை ஃபில்லர் பட்டி மூடிக்கும்.

அதுக்கு மேலன்னா நாலு மூலைக்கும் தனித்தனியா செங்குத்துக் கோடு எழுப்பி உச்சிகளைச் சேர்த்துட்டு எதிரெதிர் மூலைக்கு ஒரு குறுக்குக்கோடு போடுங்க. ரெண்டு முக்கோணமா ஃபேஸ் வரும், மூணு பாயிண்ட் எப்பவும் ஒரே தளத்துல இருக்கும்ல. குறுக்குக்கோடு எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குன்னு கேட்டா, ரூம் நடுவுல ஒரு உயரம் அளந்திருந்தா அதுக்கு எது கிட்ட வருதோ அது. நடு அளவு இல்லன்னா ரெண்டையும் போட்டுப் பாத்து, வார்ட்ரோப் நிக்கற பக்கம் சீலிங்கை தாழ்வா காட்டறதை எடுங்க. அப்புறம் 4ல மாதிரியே செங்குத்துக் கோட்டை அழிச்சு, 150 மேல காப்பி பண்ணி, பக்கங்களை மூடி குரூப் பண்ணுங்க.

6. சாலிடா இருக்கான்னு பாக்கறது

சீலிங் குரூப்பை செலக்ட் பண்ணி என்டிட்டி இன்ஃபோ பாருங்க. சாலிட் குரூப்னு பேரும் வால்யூமும் காட்டினா சரி. வெறும் குரூப்னு மட்டும் இருந்தா எங்கயோ ஓட்டை, இல்ல தேவையில்லாத கோடு, இல்ல உள்ளுக்குள்ள ஒரு ஃபேஸ் இருக்கு. சாலிட் இன்ஸ்பெக்டர்னு இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கு, எங்க பிரச்சனைன்னு சிவப்புல காட்டிக் கொடுக்கும்.

ஃபேஸோட நிறத்தையும் பாருங்க. வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் நீலம் கலந்த சாம்பல். சீலிங்கோட அடியில சாம்பல் தெரிஞ்சா ரைட் கிளிக் பண்ணி ரிவர்ஸ் ஃபேசஸ். இந்தப் படியைத் தாண்டிப் போனா 9ல வெட்டு டூல் வேலையே செய்யாது, காரணமும் தெரியாது.

7. பீம், மாடிப்படி அடி, கோவ், வளைவு

பீம்: தனி பாக்ஸ் குரூப்பா வரைஞ்சு அவுட்டர் ஷெல் டூல்ல சீலிங்கோட சேர்த்து ஒரே சாலிடா ஆக்கிடுங்க. பீம் சுவரிலிருந்து 100 எம்எம் மட்டும் வெளிய வருதுன்னா வார்ட்ரோப் பின்னாடி அதுக்காகக் காடி (பள்ளம்) வெட்டத் தோணும். என்னைக் கேட்டா வேண்டாம். பாக்ஸோட டாப்பை பீமுக்குக் கீழயே நிறுத்தி முன்பக்கம் ஃபேஷியா கொடுத்துடுங்க. காடி வெட்டுன பாக்ஸ் அங்கதான் பலவீனம், அந்த மூலையில எதுவும் வைக்கவும் முடியாது.

மாடிப்படி அடி: இதுவும் ஒரு சாய்வு சீலிங்தான். படியோட அடி ஸ்லாப் படியோட சாய்வுக்கு இணையா போகும், அதனால ஏற்றம் 150, மிதி 250ன்னா சாய்வு 3:5, சுமார் 31 டிகிரி. ஆனா அந்தக் கணக்கை நம்பி வரையாதீங்க, சரி பாக்கறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க. பூச்சு போட்ட அடிப்பக்கத்துல மேல ஒரு உயரம், கீழ ஒரு உயரம், ரெண்டுக்கும் நடுவுல கிடைமட்ட தூரம் இந்த மூணும்தான் அளவு. லேண்டிங் ஸ்லாப் சேர்ற இடத்துல சாய்வு மாறும், அந்த மடிப்புக்கோட்டைத் தனியா அளந்துக்கோங்க. 300 எம்எம்க்குக் கீழ போற முனையில பாக்ஸ் வேண்டாம், பேனல் போட்டு மூடிடலாம்.

கோவ்: ஆர்சிசி 3000ல, ஃபால்ஸ் சீலிங் பட்டை 200 இறங்கி 2800ல இருக்குன்னா, ரூம் அளவுக்கு ஒரு செவ்வகம், ஆஃப்செட் டூல்ல உள்ள 450, நடு ஃபேஸை அழிச்சுட்டு மிச்சத்தை மேல 200 இழுத்தா பட்டை கிடைக்கும். வார்ட்ரோப்புக்கு இந்த 2800தான் சீலிங், நடுவுல இருக்கற 3000 இல்ல. வெறும் கார்னிஸ்னா (சுவரும் சீலிங்கும் சேர்ற ஓரத்துல ஓடற அலங்காரப் பட்டை) அதோட முகத்தை ஒரு மூலையில வரைஞ்சு ஃபாலோ மீ டூல்ல சுவரைச் சுத்தி ஓட விடுங்க.

வளைவு: இதுல ஒண்ணு தெரிஞ்சே ஆகணும். ஸ்கெட்ச்அப்ல வளைவுங்கறது சின்னச் சின்ன நேர்க்கோடுதான், ஆர்க் போட்டா வழக்கமா 12 துண்டு. ஆரம் 1500 இருக்கற கால் வட்டத்துல 12 துண்டு போட்டா ஒவ்வொரு துண்டோட நடுவுலயும் நிஜ வளைவுக்கும் கோட்டுக்கும் 3 எம்எம்க்கு மேல வித்தியாசம். மேல குழிஞ்ச சீலிங்னா மாடல் தாழ்வா காட்டும், ஆபத்தில்ல. கீழ உப்பி வர்ற வளைவுன்னா மாடல் உயரமா காட்டும், பேனல் போய் இடிக்கும். ஆர்க் போட்டதும் 48 டைப் பண்ணி பக்கத்துல ஆங்கில எஸ் எழுத்தையும் அடிச்சு என்டர் கொடுங்க, வித்தியாசம் அரை எம்எம்க்குக் கீழ வந்துரும்.

8. கட்டர் செய்யறது

சீலிங்கை வச்சே பாக்ஸை வெட்டாதீங்க. அப்படி வெட்டினா பேனல் சீலிங்கை ஒட்டி உரசி நிக்கும், சைட்ல அது உள்ள போகாது. சீலிங் குரூப்பை நீல ஆக்ஸிஸ்ல 15 எம்எம் கீழ காப்பி பண்ணி கட்டர் டேக் போடுங்க. காம்பொனென்ட்டா வச்சிருந்தா மேக் யூனிக் கொடுக்க மறக்காதீங்க, இல்லன்னா கட்டரை மாத்தும்போது சீலிங்கும் சேர்ந்து மாறும்.

கட்டரைத் திறந்து மேல் ஃபேஸை செலக்ட் பண்ணி மூவ் டூல்ல நீல ஆக்ஸிஸ்ல 1000 ஏத்துங்க. புஷ்புல் வேண்டாம், சாய்வான ஃபேஸை அது சாய்வுக்குச் செங்குத்தா தள்ளும், ஒரு பக்கம் வெளிய நீட்டி இன்னொரு பக்கம் குறையும். ஏன் இவ்வளவு தடிமன்னா, பேனல் கட்டரோட மேல்பக்கத்தையும் தாண்டி நீட்டிட்டு இருந்தா வெட்டினதுக்கு அப்புறம் சீலிங்குக்கு மேல ஒரு துண்டு அந்தரத்துல மிதக்கும். அது கண்ணுல படாது, கட்டிங் லிஸ்ட்ல பேனல் நீளம் 3 மீட்டர்னு வரும்போதுதான் தெரியும்.

கடைசியா நாலு பக்கத்து ஃபேஸையும் புஷ்புல்ல 100 வெளிய தள்ளுங்க. சுவரை ஒட்டின பேனலோட ஃபேஸும் கட்டரோட ஃபேஸும் ஒரே தளத்துல இருந்தா வெட்டு சுத்தமா விழாது. ரூமுக்கு வெளிய போற பகுதி சாய்வா இருக்கணும்னு அவசியம் இல்ல.

9. பாக்ஸும் வெட்டும்

வார்ட்ரோப் எந்தச் சுவர்ல நிக்குதுங்கறதைப் பொறுத்து ரெண்டு விதம்.

தாழ்வான சுவர்ல முதுகை வச்சு நிக்குதுன்னா பின்னாடி 2100, 600 முன்னாடி வந்தா சீலிங் 2250. சாய்வான டாப் போடலாம்தான், ஆனா அதுல கிடைக்கறது ஒரு முக்கோணச் சந்து, அதுக்காக டாப் பேனல் 618 ஆகும், சைடு பேனல் எல்லாத்துக்கும் சாய்வு வெட்டு வரும். நான் டாப்பை 2085ல தட்டையா வச்சு, முன்னாடி மிச்சம் இருக்கற இடத்துக்கு ஃபேஷியா கொடுக்கச் சொல்வேன். இந்த விதத்துல பாக்ஸுக்கு கட்டரே தேவைப்படாது.

பக்கவாட்டுச் சுவர்ல, சாய்வு வார்ட்ரோப்போட அகலத்துல இறங்கற மாதிரி நிக்குதுன்னா கதை வேற. உயரமான மூலையிலிருந்து 1800 அகலம்னு வச்சுக்கோங்க, ஒரு முனையில 3000, இன்னொரு முனையில 2550. இங்க கீழ் பாக்ஸ் எல்லாம் 2100 உயரத்துல சாதாரண செவ்வகமாவே இருக்கட்டும், சாய்வு முழுக்க மேல வர்ற லாஃப்ட்ல மட்டும் வரட்டும். 8 அடி பிளைவுட் ஷீட் 2440 எம்எம், அதுல 2900 உயர சைடு பேனல் வெட்டவே முடியாது, ஒட்டு போட வேண்டி வரும். பிரிச்சுட்டா சாய்வு வெட்டு வேண்டிய பேனலும் கொஞ்சமாகும், தப்பானாலும் சின்ன பேனல்தான் போகும்.

லாஃப்ட்டை 450 அகலத்துல நாலு அறையா பிரிச்சா, 15 கேப் கழிச்சு உயரம் 435, 547.5, 660, 772.5, 885ன்னு ஏறும். இதை நீங்க கணக்கு போட வேண்டாம். எல்லா செங்குத்துப் பேனலையும் 18 எம்எம் தடிமன்ல 1100 உயரத்துக்கு நேரா வரைஞ்சு, ஒவ்வொண்ணும் தனி சாலிடா இருக்கான்னு பாத்துட்டு, சாலிட் டூல்ஸ்ல ட்ரிம் எடுத்து முதல்ல கட்டரையும் அடுத்து பேனலையும் கிளிக் பண்ணுங்க. வரிசை முக்கியம். சப்ட்ராக்ட் எடுத்தா வெட்டினதும் கட்டர் போயிடும், ட்ரிம்ல கட்டர் இருக்கும், அடுத்த பேனலுக்குப் போகலாம்.

முழு பாக்ஸையும் ஒரே குரூப்பா வச்சு வெட்டப் பாத்தா நடக்காது. குரூப்புக்குள்ள குரூப் இருந்தா அது சாலிட் இல்ல. அதனால பேனல் பேனலா வெட்டி முடிச்சுட்டு அப்புறம் பாக்ஸா சேருங்க.

வெட்டுன பேனல் டிஃபரன்ஸ்னு பேரோட குரூப்பா மாறி நிக்கும். ஓப்பன் கட் லிஸ்ட் எக்ஸ்டென்ஷன் யூஸ் பண்றவங்க கவனிங்க, அது காம்பொனென்ட்டை மட்டும்தான் எண்ணும், குரூப்பை விட்டுடும். ஒவ்வொண்ணையும் மறுபடி காம்பொனென்ட் ஆக்கி லாஃப்ட் சைடு 1, 2ன்னு பேர் வைங்க, இல்லன்னா கட்டிங் லிஸ்ட்ல சரியா அந்தச் சாய்வு பேனல்கள் மட்டும் இருக்காது.

டாப் பேனலுக்கு கட்டரோட அடி ஃபேஸ் மேலயே செவ்வகம் வரைஞ்சு புஷ்புல்ல 18 கீழ கொண்டு வாங்க. இங்க புஷ்புல்தான் சரி. மூவ் டூல்ல நேரா கீழ 18 இறக்கினா இந்தச் சாய்வுல பேனல் 17.5 தடிமன்தான் இருக்கும், மாடிப்படி சாய்வுல 15.4க்கு வந்துரும். செங்குத்துப் பேனலை டாப்புக்கு அடியில நிறுத்தணும்னா டாப்பையும் கட்டரா வச்சு இன்னொரு ட்ரிம்.

ப்ரோ இல்லாதவங்க பேனல் குரூப்பைத் திறந்து எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக்ல இன்டர்செக்ட் ஃபேசஸ், வித் மாடல் கொடுங்க. கட்டர் தொடுற இடத்துல கோடு விழும். அதுக்கு மேல இருக்கறதை அழிச்சுட்டு திறந்த மேல்பக்கத்துல ஒரு கோட்டை மறுபடி வரைஞ்சா ஃபேஸ் மூடிக்கும். இன்டர்செக்ட் கொடுக்கும்போது வேற எதுவும் தெரியாம மறைச்சு வைங்க, இல்லன்னா அக்கம்பக்கத்து பேனலோட கோடும் சேர்ந்து விழும்.

10. ஷட்டர்: கீல் எந்தப் பக்கம்

சாய்வு ஷட்டர்ல கீல் உயரமான பக்கம்தான் வரணும். இதுக்கு விதிவிலக்கு இல்ல.

450 அகல ஷட்டரோட ஒரு பக்கம் தாழ்வு, இன்னொரு பக்கம் 112 எம்எம் உயரம். கீலை தாழ்வான பக்கம் வச்சா திறக்கும்போது உயரமான முனை சுத்தி வந்து தாழ்வான சீலிங்குக்கு அடியில போகணும், அங்க அதுக்கு உயரம் கிடையாது. 15 எம்எம் கேப் இருந்தாலும் சுமார் 30 டிகிரி திறந்ததும் இடிச்சு நின்னுடும். உயரமான பக்கம் கீல்னா தாழ்வான முனை உயரமான சீலிங் பக்கம் போகுது, எங்கயும் தட்டாது.

மாடல்ல ஒரு ஷட்டரை ரொடேட் டூல்ல கீல் மூலையில வச்சு 30, 60, 90ன்னு திறந்து பாருங்க, சீலிங் டேக் ஆன்ல இருக்கட்டும். சாய்வு டாப் இருக்கற ஷட்டருக்கு மேல தூக்கற லிஃப்ட்அப் கேட்டா ஒத்துக்காதீங்க, கீல் கோடே சாய்வாகிடும். லிஃப்ட்அப் வேணும்னா ஷட்டரை செவ்வகமா சின்னதாக்கி மேல முக்கோணத்துக்கு நிலையான பேனல் கொடுக்கணும்.

உயரமான சுவர்ல முதுகை வச்சு, முன்னாடி சீலிங் இறங்கற பக்கமா பாக்கற வார்ட்ரோப்னா ஷட்டர் செவ்வகமா இருந்தாலும் கவனம் வேணும். 450 ஷட்டர் திறந்தா 450 முன்னாடி வரும், அங்க சீலிங் 112 எம்எம் தாழ்வு. ஷட்டரோட உச்சி அதுக்கும் கீழ இருக்கணும்.

11. நிமிர்த்த முடியுமா

டிசைன் சரியா இருந்தும் சைட்ல மாட்டிக்கற இடம் இது. படுக்க வச்சு ஜோடிச்ச பாக்ஸை நிமிர்த்தும்போது அதோட உயரம் இல்ல, மூலைவிட்டம்தான் சீலிங்கைத் தாண்டணும். 2400 உயரம் 600 ஆழம்னா மூலைவிட்டம் 2474, சீலிங் 2450னா அது நிமிரவே நிமிராது. 2100 பாக்ஸுக்கு 2184.

டேப் மெஷர் டூல்ல எதிரெதிர் மூலையைத் தொட்டா அளவு வந்துரும். சாய்வு ரூம்ல இன்னொரு கேள்வி, எங்க வச்சு நிமிர்த்துவாங்க? சீலிங் உயரமான இடத்துல நிமிர்த்தி அங்கிருந்து தள்ளிக்கிட்டு வர வழி இருக்கான்னு செக்‌ஷன் பிளேன் போட்டு பாத்துக்கோங்க, கட்டில் ஏற்கனவே வந்து உக்காந்த ரூம்ல அந்த வழி இருக்காது. இல்லன்னா பாக்ஸை இடத்துலயே ஜோடிக்கற மாதிரி டிசைன் பண்ணணும், அதுக்கு ஸ்க்ரூ போடற பக்கம் கை போக இடம் விடணும்.

12. கார்பெண்டர் கைக்குப் போற டிராயிங்

பாரலல் புரொஜெக்‌ஷன்ல ஃப்ரண்ட், சைடு, டாப் மூணுக்கும் தனித்தனி சீன் வைங்க. பெர்ஸ்பெக்டிவ்ல எடுத்த படத்துல டைமென்ஷன் போட்டு அனுப்பினா சாய்வு எது பார்வைக் கோணம் எதுன்னு தெரியாது.

சாய்வு பேனலுக்கு டிகிரி எழுதாதீங்க. ஆசாரிக்கு வேண்டியது ரெண்டு உயரம், நடுவுல ஒரு அகலம், அவ்வளவுதான், ரெண்டு புள்ளி வச்சு கோடு போட்டு வெட்டிடுவார். ஷட்டருக்கும் அப்படியே, கீல் பக்க உயரம், எதிர்ப்பக்க உயரம்.

செங்குத்துப் பேனலோட மேல் விளிம்புல இன்னொரு சின்ன விஷயம் இருக்கு. 18 எம்எம் தடிமனுக்குள்ளயே சாய்வு 4.5 எம்எம் ஏறும், அதாவது பேனலோட ஒரு முகம் 660ன்னா அடுத்த முகம் 664.5. டிராயிங்ல எந்த முகத்தோட அளவுன்னு அம்புக்குறி போட்டுச் சொல்லலன்னா, தாழ்வான அளவுக்கு நேரா வெட்டி டாப் ஒரு விளிம்புல மட்டும் தொட்டு நிக்கும், இல்ல உயரமான அளவுக்கு வெட்டி டாப்பே உக்காராது. உயரமான முகத்தோட அளவைக் கொடுத்து, மிஷின் பிளேடைச் சாய்ச்சு வெட்டணும்னு பக்கத்துலயே எழுதுங்க. டிகிரி எழுத வேண்டிய ஒரே இடம் இந்த பிளேடு சாய்வுதான், 14.

எம்எம்ல வரைஞ்சாலும் சைட்ல இன்ச், நூல்லதான் பேசுவாங்க. 8 நூல் ஒரு இன்ச், அதனால ஒரு நூல் 3 எம்எம்க்குக் கொஞ்சம் மேல. 885ஐ 34 இன்ச் 7 நூல்னு பக்கத்துல எழுதிக் கொடுத்தா அவங்க மனசுல மாத்திப் பாக்கற வேலை மிச்சம், ஆனா வெட்டறது எம்எம் அளவுலதான்னு முன்னாடியே பேசிக்கோங்க, நூலுக்கு ரவுண்ட் பண்ணினா பல பேனல் சேரும்போது கூடிக்கிட்டே போகும். வளைவு இருந்தா அளவே எழுதாதீங்க, அந்த பேனலை 1:1ல பிரிண்ட் எடுத்து பிளைவுட்ல ஒட்டி வெட்டச் சொல்லுங்க, ஒட்டறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஏதாவது ஒரு நீளத்தை டேப்ல அளந்து பிரிண்ட் சுருங்கலன்னு உறுதி பண்ணிக்கோங்க.